சம்பந்திக்காக ஒரு துவக்கு

வேட்டைத் துவக்கின் குழலுக்கும் அதன் அடிக்கட்டைக்கும் நடுவில் ஒரு கடதாசித் துண்டை நுழைத்து மெல்ல இழுத்துக்கொண்டிருந்தேன். கடதாசி எங்கும் தடைப்படாமல் வரவேண்டும். குழல் எதிலும் முட்டாமல் நின்றால்தான் அது சூடேறினாலும் குறி மாறாது. கடதாசி பாதித் தூரம் வந்திருக்கும். பக்கத்தில் நின்ற அன்ரன் கண்ணாடி மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கடைக்கார மடாமிடம் பிரெஞ்சில் கேட்டான்.

"மடாம், இதின்ரை கடைசி விலை என்ன?"

மடாம் விலைச்சீட்டைத் திருப்பிக் காட்டினார். "இதில் எழுதியிருக்கிறதே."

"அது முதல் விலை. நான் கேக்கிறது கடைசி விலை."

அன்ரன் என் மனைவி ரீற்றாவின் தம்பி. வீடு விற்கும் முகவர். நிலக்கீழறையில் கையகல யன்னல் ஒன்று இருந்தால் அதைத் 'தோட்டம் பார்த்த தங்குமறை' என்று விளம்பரத்தில் போடுபவன். அவனுடைய பிரெஞ்சில் பிழை இல்லை. ஆனாலும் மடாம், மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடுவதுபோல என்னைப் பார்த்தார்.

"நாங்கள் பெரிய குடும்பம், மடாம்," என்று அன்ரன் தொடர்ந்தான். "இண்டைக்கு அத்தான் ஒரு துவக்கு வாங்கினால், நாளைக்கு எங்கடை ஆக்கள் இருவது பேர் வருவினம்."

மடாமின் கண்கள் வாசல் பக்கம் போய்த் திரும்பின.

"அன்ரன்," என்றேன் தமிழில், "இது சீலைக்கடை இல்லை. துவக்குக் கடையிலை அப்பிடிச் சொல்லாதை."

"ஏன் அத்தான்? மொத்த வியாபாரம் எண்டால் குறைப்பினம்தானே?"

போன அத்தியாயத்தில் பனி வாரும் இயந்திரம் வாங்கிய கதையை எழுதியிருந்தேன். ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, இவ்வளவு அளந்து பார்த்தோ சாமான் வாங்குவீங்கள்?" என்று கேட்டார். ஓம், அப்படித்தான் வாங்குவேன். விமானச் சக்கரங்களைத் தாங்கும் இரும்புத் தண்டுகளை அளந்து, ஒரு மயிரிழை கூடினாலும் திருப்பி அனுப்புவதுதான் என் தொழில். அளவு தெரியாத பொருளை வீட்டுக்குள் விட எனக்கு மனம் வராது. ஆனால் பனி வாரும் இயந்திரம் எங்களுக்குத் தேவைப்பட்டது. துவக்கு தேவைப்படவில்லை. பிறகு அது எப்படித் தேவையாகியது என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

தாய்மாமன் வாய்

என் மகள் ஷெரினும் எத்தியன் என்ற கியூபெக் பெடியனும் விரும்பினார்கள். முடிவு எடுத்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். எத்தியனின் தகப்பன் நோர்மான் எங்களை மொன்றியலின் இல்-பிசார் பகுதியில் உள்ள தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். பேசி முடிக்க ஒன்றும் மிச்சமில்லாத சம்பந்தம் அது. ஆனால் அன்ரனும் வந்தான். பெண் வீட்டார் தங்கள் பெருமையைத் தாங்களே சொல்லக்கூடாது, அதற்குத்தான் தாய்மாமன் இருக்கிறான் என்பது அவனுடைய கொள்கை.

நோர்மான் ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி. பெரிய உடம்பு, சிறிய குரல். மரியதாஸ் என்ற என் பெயரை முதல் நாளே 'மாரியோ' ஆக்கிவிட்டார். அந்த விருந்துக்கு முன் நாங்கள் சந்தித்தபோதெல்லாம் பனியைப் பற்றி மட்டுமே பேசியிருந்தோம். கோடையில், வரப்போகும் பனியைப் பற்றிப் பேசினோம்.

அவர் வீட்டுச் சுவரில் ஒரு மான் கொம்பு இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, "மாரியோ, நீ வேட்டைக்குப் போவதுண்டா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன்.

"அத்தானோ?" என்றான் அன்ரன். "வன்னிக் காட்டிலை பண்டி விழுத்தின ஆளெல்லே!" பிறகு அதைப் பிரெஞ்சில், பன்றியின் பருமனையும் கைகளால் காட்டி, விளக்கமாகச் சொன்னான்.

வன்னிக் காட்டை நான் பஸ் யன்னலால் பார்த்திருக்கிறேன்.

நோர்மானின் முகம் மலர்ந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. பனியைத் தவிர வேறு பேச்சும் உண்டு என்று தெரிந்த மனிதரின் முகம் அது. எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். நவம்பரில் மலைக்காட்டில் உள்ள தன் வேட்டைக் குடிலுக்கு நான் வந்தே ஆகவேண்டும், தன்னிடம் இன்னொரு துவக்கு இருக்கிறது, தருகிறேன் என்றார்.

"அத்தான் மற்றவையின்ரை துவக்கைத் தொடமாட்டார்," என்றான் அன்ரன்.

திரும்பி வரும்போது காருக்குள் ரீற்றா தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்ரை வாயைத் தைக்கவேணும். இந்த மனிசன் எலிப்பொறியிலை செத்த எலியையே என்னைக் கொண்டுபோய் எறியச் சொல்லுறவர்."

"சம்பந்தம் கதைக்கப் போகேக்கை சும்மா கையை வீசிக்கொண்டே போறது, அக்கா?"

"அப்ப ஒரு கேக்கைக் கொண்டுபோயிருக்கலாமெல்லே."

பலமுறை நோர்மானுக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொல்லிவிட முயன்றேன். ஒவ்வொரு முறையும் நான் தொடங்குவதற்கு முன்பே அவர் காலுறை எத்தனை அடுக்கு போடவேண்டும், மான் எந்தப் பாதையால் இறங்கும் என்று சந்தோஷமாகத் தொடங்கிவிடுவார். நாள் போகப் போகச் சொல்வது கடினமாகியது. எங்கள் குடும்பம் அந்தக் குடும்பத்துக்குச் சொன்ன முதல் செய்தியே பொய் என்று ஆகிவிடும். கல்யாணம் வசந்தகாலத்தில். ஷெரின் அந்த வீட்டுக்குள் அப்படி ஒரு பெயரோடு போகக்கூடாது.

ஆகவே ஒரே வழிதான் இருந்தது. நவம்பருக்குள் நான் வேட்டைக்காரன் ஆகவேண்டும்.

உடம்பும் உயிரும்

இந்த நாட்டில் துவக்கு அனுமதிப் பத்திரத்துக்கு முதலில் ஒரு வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதவேண்டும். பிறகு விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்துக்கும் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். கனடாவின் சட்டங்களில் ரீற்றா மனமாரப் பாராட்டிய ஒரே சட்டம் அதுதான்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. விண்ணப்பத்தைக் குசினி மேசையில் விரித்து வைத்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

எங்களுக்குத் தெரிந்தவரை துவக்கு என்பது எப்போதும் வேறு யாரோ ஒருவர் கையில் இருப்பது. அது வரும் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்விடுவோம். ரீற்றா சிறுமியாக இருந்தபோது அப்படிக் கட்டிலுக்குக் கீழே படுத்தபடியே நித்திரையாகிப் பழகியவள். அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அன்றும் பேசவில்லை.

"வீட்டுக்குள்ளை வரத்தான் வேணுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

"பூட்டி வைப்பன். கீழை, இரும்பு அலுமாரிக்குள்ளை."

"அதுக்குள்ளை எந்தத் துண்டு இல்லாட்டி அது வேலை செய்யாது?"

மற்ற எவரும் கேட்காத கேள்வி. நான் வகுப்பில் தந்த படத்தைக் காட்டினேன். நான் வாங்கப்போவது ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, அமுக்கவேண்டிய வகை. அந்த இரும்புத் தண்டுக்குப் போல்ட் என்று பெயர். தோட்டாவை அடிக்கும் ஊசி அதற்குள்தான் இருக்கிறது. அதைக் கழற்றி எடுத்துவிட்டால் துவக்கு வெறும் குழாய்.

"அப்ப அது என்னட்டை இருக்கட்டும்," என்றாள் ரீற்றா. "உடம்பு உங்களிட்டை, உயிர் என்னட்டை."

கையெழுத்துப் போட்டாள். போல்ட்டுக்கான இடமும் அப்போதே முடிவாகியது. அவளுடைய தையல் மெசினின் இழுப்பு லாச்சி, நூல்கட்டைகளுக்குப் பக்கத்தில்.

கடதாசி சொன்ன தீர்ப்பு

எந்தத் துவக்கு என்று வேலையிடத்தில் வேட்டைக்குப் போகிறவர்களை விசாரித்தேன். எல்லோரும் தாங்கள் வைத்திருப்பதுதான் திறம் என்றார்கள். மாப்பிள்ளை தேடும்போது சொந்தக்காரரிடம் விசாரித்த மாதிரித்தான். அந்த விசாரணையால் பயன் இல்லை என்று கண்டு, எனக்கு வேண்டியதை நானே தீர்மானித்துக்கொண்டு போனேன்.

விலை அடக்கமாக இருக்கவேண்டும். வருடத்தில் ஓரிரு முறை வெளியே வரப்போகும் பொருள். தோட்டா முந்நூற்றெட்டு என்ற இலக்கம். எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும், மானுக்குப் போதும், பனி வாரியே நோகும் என் தோளுக்கும் அடங்கும். நூறு யார் தூரத்தில் சுட்ட மூன்று சூடும் ஓர் அங்குலத்துக்குள் விழவேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம்.

அன்ரனுக்கு அலங்காரம்தான் முக்கியம். வாதுமை மரத்தில் மான் செதுக்கிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இதைப் பாருங்கோ அத்தான். தோளிலை போட்டுக்கொண்டு நிண்டால் கலியாண அல்பத்துக்கே வைக்கலாம்."

குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் கடதாசியை விட்டேன். நுனிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அடுத்தது பளபளப்பான இன்னொன்று. கடதாசி ஓடியது, ஆனால் கட்டையைப் பெருவிரலால் அழுத்தினால் வளைந்துபோய்க் குழலில் முட்டியது. மூன்றாவது, வரிசையின் கடைசியில் நின்ற கறுப்புப் பிளாஸ்ரிக் கட்டை. பார்க்க அழகே இல்லை. பெருவிரலால் அழுத்தினேன், அசையவில்லை. கடதாசி வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போய் வந்தது. விசையை மெல்ல அழுத்தினேன். இழுபறி இல்லாமல், கண்ணாடிக் குச்சி முறிவதுபோல 'டிக்' என்றது. இழுத்துப் பார்த்த போல்ட்டிலும் ஆட்டம் குறைவு.

"அதை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை," என்றார் மடாம். "ஆனால் வாங்கியவர்கள் திரும்பி வந்து என்னோடு சண்டை பிடித்ததும் இல்லை. மிச்சம் பிடித்த காசைத் தொலைநோக்கிக் கண்ணாடியில் போடுங்கள். தெரியாததை எந்தத் துவக்கும் சுடாது."

அன்ரனின் கடைசி விலைப் போராட்டமும் வெற்றியில் முடிந்தது. அவனை வெளியே அனுப்புவதற்காக மடாம் துவக்குக்குப் போடும் எண்ணெய்ப் போத்தல் ஒன்றை இலவசமாகத் தந்தார். போத்தலை உயர்த்திப் பிடித்தபடி அன்ரன் கார்வரை நடந்தான்.

அக்டோபரில் சுடும் பயிற்சித் திடலுக்குப் போனேன். ஒரு விடயத்தை அங்கேதான் கண்டுபிடித்தேன். சுடுவது என்பது அளப்பதுதான். அசையாமல் இருப்பது, மூச்சை விட்டு நிறுத்துவது, அவசரப்படாதது. முப்பது வருடமாக நான் செய்கிற வேலை. தொலைநோக்கியைத் திருத்திய பிறகு சுட்ட மூன்று சூடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. அன்ரன் அந்தக் கடதாசிக் குறியைப் படமெடுத்து உலகத்திலுள்ள சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்பினான். ஒரு கிழமை நானே வன்னியில் பன்றி சுட்டேனோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

'டிக்'

புறப்படும் நாள் ரீற்றா போல்ட்டைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வந்து தந்தாள். பிரித்துப் பார்த்தேன். மினுங்கியது.

"காய்ஞ்சுபோய்க் கிடந்தது," என்றாள். "எண்ணெய் போட்டிருக்கிறன். துளை கண்ட இடமெல்லாம் விட்டனான்."

எனக்கு மனம் இளகிவிட்டது. தொடவே மாட்டேன் என்றவள் துடைத்து எண்ணெயும் போட்டிருக்கிறாள். துவக்கில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். முன்னைவிட வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்போது எனக்குக் கடும் தடிமன். மூக்கு அடைத்திருந்தது. இதை இங்கே பதிந்து வைக்கிறேன், ஏனென்றால் மூக்கு வேலை செய்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

குடிலில் நோர்மானோடு அவருடைய பழைய நண்பர் லுசியானும் இருந்தார். ஒல்லியான, எல்லாவற்றையும் சந்தேகிக்கும் மனிதர். எனக்குக் கைகொடுக்கும்போது என்னை மேலும் கீழும் பார்த்து, "இவர்தானா?" என்று நோர்மானிடம் கேட்டார். நோர்மான் பெருமையோடு தலையாட்டினார்.

மறுநாள் காலை என்னை ஓடைக்கு மேலே இருந்த பலகைப் பதுங்கிடத்தில் விட்டுவிட்டு நோர்மான் தன் இடத்துக்குப் போனார். குளிர் மூக்கு மயிரை உறைய வைத்தது. செம்மஞ்சள் அங்கிக்குள் நான் ஒரு போக்குவரத்துக் கூம்புபோல இருந்தேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. ஓர் அணில் என் சப்பாத்தைப் பரிசோதித்துவிட்டுப் போனது.

பிறகு மான் வந்தது. கிளைக் கொம்போடு, ஓடைக்கு அந்தப் பக்கம், பக்கவாட்டாக நின்றது. வகுப்பில் காட்டிய படத்தில்கூட அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. தொலைநோக்கியில் குறுக்குக் கோட்டை அதன் தோளுக்குப் பின்னால் வைத்தேன். ஷெரினை நினைத்தேன். நோர்மானின் முகத்தை நினைத்தேன். மூச்சை விட்டு நிறுத்தி விசையை அழுத்தினேன்.

'டிக்.'

சத்தம்கூட முழுதாக வரவில்லை. தலையணைக்குள் யாரோ சொடக்குப் போட்டதுபோல இருந்தது.

மான் என்னைத் திரும்பிப் பார்த்தது. வெடிக்காத தோட்டா பிந்தியும் வெடிக்கலாம், குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் காத்திருக்கவேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். காத்திருந்தேன். மானும் மரியாதைக்குக் காத்திருந்தது. பிறகு போல்ட்டைத் தூக்கப் பார்த்தேன். சேற்றில் புதைந்த கரண்டிபோல அசைந்தது. நான் இரண்டு கையாலும் போராடுவதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மான் நடந்தே போனது. ஓடவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அவமானம்.

அடுப்படியில்

மத்தியானம் நோர்மான் குடிலில் துவக்கை வாங்கிப் பார்த்தார். லுசியான் விறகு எடுக்க வெளியே போயிருந்தார். நோர்மான் போல்ட்டைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே ஊசியையும் சுருளையும் சுற்றி வெள்ளையாக, மெழுகுபோல ஏதோ உறைந்திருந்தது. அதை விறகடுப்பின் விளிம்பில் வைத்தார். மெழுகு கரைந்தது. கரையக் கரைய என் தடிமனையும் தாண்டி ஒரு வாசனை எழும்பியது.

எங்கள் குளியலறையின் வாசனை. ஷெரினின் பள்ளிக்கூடத் தலைமுடியின் வாசனை. தேங்காயெண்ணெய்.

மொன்றியலில் ஒவ்வொரு மார்கழியும் தேங்காயெண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணீருக்குள் வைத்து உருக்கித் தலைக்கு வைக்கும் குடும்பம் நாங்கள். அது உறையும் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ரீற்றாவுக்கு அது தையல் மெசின் எண்ணெய், கதவுப் பிணைச்சல் எண்ணெய், நோக்காட்டு எண்ணெய். மடாம் தந்த போத்தலைத் தேடியிருக்கிறாள். அது கிடைக்கவில்லை. அன்ரன் தன் வாகனக் கொட்டில் கதவுக்குப் போடக் கொண்டுபோயிருந்தான்.

நோர்மான் விரலால் தொட்டு முகர்ந்தார். "தேங்காயா?"

"ஓம். தேங்காயெண்ணெய்."

அவர் கண்கள் விரிந்தன. "ஆ! விளங்குகிறது! உங்கள் நாடு சூடு. அங்கே இது உறையாது. அங்கே வேட்டைக்காரர்கள் இதைத்தான் போடுவார்கள், இல்லையா? பழைய பழக்கம் கைவிடாது, மாரியோ!"

ஓம் என்ற ஒரு சொல் போதும். அன்ரனின் பொய்க்குச் சான்றிதழே கிடைத்துவிட்டது. ஆனால் அளவு பிழைத்த தண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கையெழுத்துப் போட்டதில்லை.

"நோர்மான்," என்றேன், "நான் பன்றி சுட்டதில்லை. எண்ணெய் போட்டது என் மனைவி. இந்த வருடத்துக்கு முன் நான் துவக்கைத் தொட்டதே இல்லை. அன்ரன் சொன்னது பொய்."

அடுப்பில் விறகு வெடித்தது. நோர்மானின் முகம் மெல்ல விழுந்தது.

"பன்றியே இல்லையா?"

"இல்லை."

"சின்னது?"

"இல்லை."

"ஒரு முயல்?"

"மன்னியுங்கள்."

அவர் எழுந்தார். போய்க் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஏற்கெனவே சிறிய குரலை இன்னும் சிறிதாக்கினார்.

"மாரியோ, மெதுவாகப் பேசு. லுசியானின் சம்பந்தி விமானமோட்டி. அதை அவன் சொல்லாத நாளில்லை. நான் என்ன செய்வேன்? என் சம்பந்தி காட்டுப்பன்றி சுட்டவர் என்றேன். பன்றியா, அது பண்ணை மிருகம் என்றான்."

"அதனால்?"

"அதனால் கரடி என்றேன்."

"கரடியா?"

"கிட்டத்தில் வைத்து," என்றார் நோர்மான், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒரே சூட்டில். கல்யாணம் முடியும்வரையாவது லுசியானிடம் சொல்லிவிடாதே."

இந்தப் பெரிய மனிதர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். தாய்மாமன் செய்வதைத் தானே செய்திருக்கிறார். அந்த நிமிடத்தில்தான் அவர் எனக்குச் சம்பந்தி ஆனார். லுசியான் விறகோடு உள்ளே வந்து மூக்கை உறிஞ்சி, "இதென்ன வாசனை?" என்று கேட்டார்.

"கரடிக்காரர்களின் எண்ணெய்," என்றார் நோர்மான்.

நான் மறுக்கவில்லை.

தேநீர்

அந்த முறை மூவருக்கும் மான் கிடைக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் அவர்கள் என்னை மொன்றியல்-நோரில் எங்கள் வீட்டில் இறக்கிவிட வந்தார்கள். ரீற்றா உள்ளே கூப்பிட்டு இருத்தினாள். தேநீரும் சுடச்சுட ரோல்ஸும் வந்தன. செய்தி அறிய அன்ரன் ஏற்கெனவே வந்து காத்திருந்தான். ரீற்றாவுக்கு எதையும் சொல்லி வைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

லுசியான் ஒரு ரோலைக் கையில் எடுத்தார். கடிக்கவில்லை. பயணம் முழுவதும் எதையோ மனதுக்குள் உருட்டிக்கொண்டு வந்தவர், நேரே ரீற்றாவைப் பார்த்தார்.

"மடாம், உங்கள் கணவர் கரடியைச் சுட்டபோது நீங்கள் அவரோடு இருந்தீர்களா?"

நோர்மான் கோப்பையை வாயருகே பிடித்தபடி அப்படியே இருந்தார். அன்ரன் என்னைப் பார்த்தான். பன்றி கரடியானது அவனுக்கே புதுச் செய்தி. என் வாழ்நாளில் முதல்தடவையாக அவன் வாய் திறந்தபடி இருக்க, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ரீற்றா கார்டெரி என்ற பகல் காப்பகத்தில் குழந்தைகளைப் பார்க்கிறவள். எங்கள் வீட்டில் அவளுடைய பிரெஞ்சுதான் திறம். பொய் சொல்கிற முகத்தைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கிறதும் அவளுடைய தொழில்தான். அவள் நோர்மானின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். மேலங்கியின் நுனியில் கையைத் துடைத்தாள்.

"எந்தக் கரடி?" என்று லுசியானிடம் கேட்டாள். "முதலாவதா, இரண்டாவதா?"

லுசியான் ரோலைத் தட்டில் திருப்பி வைத்தார். நோர்மான் கூரையைப் பார்த்தார், அவருடைய தோள்கள் குலுங்கின.

ரீற்றா என் பக்கம் உள்ளங்கையை நீட்டினாள். நான் பைக்குள்ளிருந்த போல்ட்டைக் கைலேஞ்சியோடு எடுத்து அதில் வைத்தேன். அவள் விருந்தாளிகளைப் பார்த்துப் புன்னகைத்தபடி, எனக்கும் அன்ரனுக்கும் தமிழில், மிக இனிமையாகச் சொன்னாள்.

"ஆக்கள் போகட்டும். பேந்து இருக்கு உங்கள் ரெண்டு பேருக்கும்."

தனக்கு இன்னும் தேநீர் வேண்டுமா என்றுதான் கேட்கிறாள் என்று லுசியான் நினைத்திருக்கவேண்டும்.

"மெர்சி, மடாம்," என்றார் பணிவாக. "எனக்குப் போதும்."